பணியிடத்தை உள்ளிருந்து படிப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் ஒரு முதுகலை மாணவர். ஒரு நிறுவனத்தின் பணிச்சூழலைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். இருநூறு ஊழியர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஏறத்தாழ எல்லோரும் ஒரே மாதிரி நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். இனவரைவியல் முறையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் நெறியாளர். "அது எங்கோ தீவுகளில் வாழும் பழங்குடி மக்களைப் படிக்கும் முறை அல்லவா? அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் எப்படிப் பொருந்தும்? எத்தனை பேரிடம் பேச வேண்டும்? எவ்வளவு காலம் போதும்?" என்று கேட்கிறார்.

முதலில் அந்த இருநூறு தாள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருநூறு பேர் ஒரே விடையை எழுதியிருக்கிறார்கள் என்றால், வெளியாள் கேட்டால் சொல்ல வேண்டிய விடை என்று அந்த இடத்தில் ஒன்று இருக்கிறது. நேற்றுச் சேர்ந்தவர் வரை எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சேர்ந்து எத்தனை நாளில் கற்றுக்கொண்டார்கள்? தங்களுக்குள் பேசும்போதும் அதையேதான் சொல்லிக்கொள்கிறார்களா? இன்னொரு வினாப்பட்டியல் அச்சடித்துக் கொடுத்து இவற்றைத் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே போய் இருந்தால்தான் தெரியும்.

அப்படிப் போய் இருப்பதுதான் இனவரைவியல். ஒரு கூட்டத்து மனிதர்களோடு நெடுநாள் இருப்பது, அவர்கள் செய்வதில் நம்மால் முடிந்ததைக் கூடவே செய்வது, கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே எழுதிவைப்பது, பிறகு அந்தக் குறிப்புகளைக் கொண்டு அவர்களுடைய உலகம் அவர்களுக்கு எப்படிப் பொருள்படுகிறது என்று எழுதுவது. இதைப் பங்கேற்பு உற்றுநோக்கல் என்று மானிடவியலில் சொல்வார்கள். நேர்காணலும் உண்டு, எண்ணிக்கையும் உண்டு, வரைபடமும் உண்டு. ஆனால் எல்லாம் அந்த இருப்புக்குப் பிறகுதான்.

தீவுகளில் தொடங்கிய முறை என்று நீங்கள் சொன்னதில் தவறில்லை. மானிடவியலின் முன்னோடிகள் இருவரைப் பாருங்கள். ஃப்ரான்ஸ் போவாஸ் 1883இல் கனடாவின் வடக்கே உள்ள பாஃபின் தீவுக்குப் போய் இன்யூட் மக்களிடையே ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையே நியூகினிக்கு அருகே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் இரண்டு முறை நீண்ட காலம் தங்கினார். மாலினோவ்ஸ்கி அந்த மக்களின் மொழியைக் கற்றார், கூடாரத்தை ஊருக்கு நடுவிலேயே அடித்தார், காலையில் கண்விழித்தால் ஊர் விழிப்பதைப் பார்க்கும் இடத்தில் இருந்தார். கேட்டு வாங்க முடியாத, எந்த ஆவணத்திலும் கிடைக்காத, ஆனால் வாழ்க்கை முழுவதும் நிறைந்திருக்கிற சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு என்று 1922இல் எழுதினார். உணவு சமைக்கும் விதம், ஊரில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து பேசும்போது குரலில் இருக்கும் தொனி, இருவருக்கிடையே இருக்கும் நட்போ பகையோ வெளிப்படும் விதம் போன்றவை. இந்தப் பட்டியலில் 'ஊர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அலுவலகம்' என்று போட்டுப் பாருங்கள். ஒன்றும் கெடாது.

அந்த முறை தொழிற்சாலைக்குள் நுழையப் பத்தாண்டுகூட ஆகவில்லை. சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில் 1924 முதல் நடந்த சோதனைகளைப் பற்றி நிர்வாகவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி என்ன ஆகிறது என்று பார்த்த சோதனைகளைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வரிசையின் கடைசிப் பகுதிதான் பொக்கிஷம். ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லாண்டில் பழங்குடி மக்களிடையே களப்பணி முடித்துத் திரும்பியிருந்த லாயிட் வார்னர் அதற்கு ஆலோசனை சொன்னார். ஓர் ஊரைப் பார்ப்பது போலவே ஒரு தொழிலாளர் குழுவையும் பார்க்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் ஆலைக்குள் வந்தது.

1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைப்பவர், பற்றவைப்பவர், சரிபார்ப்பவர் என 14 ஆண்களைத் தனி அறையில் வைத்து, அவர்களோடு ஓர் உற்றுநோக்காளரையும் உட்கார வைத்தார்கள். குழு அதிகமாக உற்பத்தி செய்தால் எல்லோருக்கும் கூலி கூடும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஆனால் அறைக்குள் வேறொரு கணக்கு நடந்தது. கம்பி இணைப்பவர் ஒரு நாளைக்கு இரண்டு கருவிகள் முடிப்பது 'சரியான' வேலை. அதற்கு மேல் வேகமாகச் செய்பவரின் மேற்கையில் ஒரு குத்து விழும். குத்து வாங்கியவர் திருப்பிக் குத்தலாம். அதோடு தீர்ந்தது. மிகக் குறைவாகச் செய்பவருக்கும் பெயர் வைத்திருந்தார்கள், மேலாளரிடம் போய்ச் சொல்பவருக்கும் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு நாள் கூடுதலாகச் செய்ததை மறைத்துவைத்து, குறைந்த நாளில் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே தாளில் அவர்களுடைய உற்பத்தி கோடு போட்டது போல நேராக இருந்தது. வேலையை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது விதி. அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். நேரடி மேற்பார்வையாளருக்கு இது எல்லாம் தெரியும்.

அந்த 14 பேரிடம் "முழுத் திறனோடு உழைக்கிறீர்களா?" என்று ஒரு தாளைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் இருநூறு தாள்களும் நினைவுக்கு வரும்.

இங்கே ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். அந்த ஆய்வாளர்கள் இதைத் தொழிலாளர்களின் உணர்ச்சி, குழுப்பாசம் என்ற பக்கமாகவே விளக்கினார்கள். அது பொருளாதார மந்தக் காலம். அதிகம் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆட்களையும் குறைப்பார்கள் என்ற தொழிலாளர்களின் அச்சத்துக்கு அவர்கள் உரிய இடம் தரவில்லை என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. அது நியாயமான விமர்சனம் என்றே கருதுகிறேன். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பவருக்கும் எந்திரத்தின் முன் நின்று கூலி வாங்குபவருக்கும் தெரிவது ஒன்றல்ல. சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1944-45இல் ஓர் எந்திரப் பட்டறையில் துளையிடும் எந்திரத்தில் தாமே வேலைக்குச் சேர்ந்தார். ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் கூலி விகிதம் நன்றாக இருக்கும் வேலையில், விகிதத்தைக் குறைத்துவிடாதபடி ஓர் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதையும், எவ்வளவு உழைத்தாலும் கட்டுப்படியாகாத வேலையில் கையைத் தளர்த்திவிடுகிறார்கள் என்பதையும் தம் சொந்த உழைப்பின் கணக்கிலிருந்தே அவர் எழுதினார். அது சோம்பலும் இல்லை, வெறும் குழுப்பாசமும் இல்லை, நல்ல கணக்கு. முப்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு சமூகவியலாளர் மைக்கேல் புராவோய் 1974இல் ஓர் ஆலையில் எந்திரப் பணியாளராகச் சேர்ந்தார். அது ராய் வேலை செய்த அதே ஆலை என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. தொழிலாளர்கள் ஏன் குறைவாக உழைக்கிறார்கள் என்று அதுவரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வேறு கேள்வி கேட்டார்: ஏன் இவ்வளவு உழைக்கிறார்கள்? அந்தக் கேள்வி அவருக்கு நூலகத்தில் கிடைத்ததில்லை. உற்பத்தி இலக்கை எட்டிக் காட்டும் அந்த ஆலையின் ஆட்டத்தில் தாமும் மும்முரமாக இறங்கிவிட்டதைக் கண்ட பிறகே கிடைத்தது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மனிதர்கள் செய்வதாகச் சொல்வதற்கும் அவர்கள் செய்வதற்கும் இடையே ஓர் இடைவெளி எங்கும் இருக்கும். அதைக் கண்டவுடன் புதிய ஆய்வாளருக்கு ஓர் உற்சாகம் வரும்: "பிடித்துவிட்டேன்!" அந்த உற்சாகத்தை நம்பாதீர்கள். இடைவெளியைக் கண்டது பாதி வேலைதான். அது ஏன் அங்கே இருக்கிறது, அதைக் கொண்டு அவர்கள் எதைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது மீதிப் பாதி.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒரு மருத்துவமனையின் உள்நோயாளிப் பிரிவில் ஏழு மாதம் இருந்தேன். நோயாளிக்கு மருந்து கொடுத்த நேரத்தை உடனுக்குடன் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. நேர்காணலில் கேட்டபோது எல்லாச் செவிலியர்களும் "அப்போதே எழுதிவிடுவோம்" என்றார்கள். மூன்றாம் நாளே கண்ணால் பார்த்துவிட்டேன். பணிநேரம் முடிவதற்கு அரைமணி முன்பு மேசையில் அமர்ந்து மொத்தமாக எழுதினார்கள். "சொன்னது பொய்" என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

ஆறாவது வாரம்தான் அந்தத் துண்டுத் தாள் என் கண்ணில் பட்டது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் நான்காக மடித்த ஒரு தாள். படுக்கை எண், மருந்தின் முதலெழுத்து, நேரம். மருந்து கொடுத்த கையோடு அதில் குறித்துவிடுவார்கள். பதிவேடு இருந்ததோ கூடத்தின் மறுகோடியில். ஒவ்வொரு முறையும் அங்கே போய் எழுதுவதென்றால் நோயாளியை விட்டு நகர வேண்டும். தள்ளுவண்டியில் மருந்தைத் திறந்தபடி விட்டுப் போக வேண்டும். அடுத்த பணிநேரத்துக்கு வருபவர் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் தாளைத்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பார். "அப்போதே எழுதிவிடுவோம்" என்று அவர்கள் சொன்னது முழு உண்மை. எதில் எழுதுவீர்கள் என்று நான்தான் கேட்கவில்லை. முதல் வாரத்தோடு கிளம்பியிருந்தால் "விதிமீறல்" என்று ஓர் அத்தியாயம் எழுதியிருப்பேன். அதைப் படித்துவிட்டு யாராவது அந்தத் தாளுக்குத் தடை போட்டிருப்பார்கள்.

இதே பாடத்தை ஜூலியன் ஓர் (Orr) என்பவர் வேறொரு தொழிலில் எடுத்துக்காட்டினார். அவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் இருந்த மானிடவியலாளர். நகலெடுக்கும் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியாளர்களோடு சுற்றினார். இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய், அது சரியாகவில்லை என்றால் அதைச் செய் என்று படிப்படியாகச் சொல்லும் கையேட்டை நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்திருந்தது. கையேட்டில் இல்லாத பழுதுகள்தான் அவர்களுடைய அன்றாடம். அவற்றை எப்படிச் சமாளித்தார்கள்? சாப்பிடும் நேரத்தில் கூடி, "அந்த எந்திரம் அன்று என்ன செய்தது தெரியுமா?" என்று கதை சொல்லிக்கொண்டார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு அது அரட்டை. ஜூலியன் காட்டியது என்னவென்றால், அந்தக் கதைகளில்தான் அந்தத் தொழிலின் அறிவே சேமித்து வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் பணியாளர்களே தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு தரவுத்தளம் அந்த நிறுவனத்தில் உருவானதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். அதே மையத்தில் லூசி சச்மன், கணினி அறிவியலில் தேர்ந்த இருவர் நகலெடுக்கும் எந்திரம் ஒன்றில் இருபுறமும் நகலெடுக்கத் தெரியாமல் திண்டாடுவதைப் படம்பிடித்து, மனிதர் வேலை செய்வது போட்டுவைத்த திட்டத்தின்படி நடப்பதில்லை, அந்தந்த நேரத்துச் சூழலைப் பார்த்துப் பார்த்து நடப்பது என்ற வாதத்தை 1987இல் நூலாக வைத்தார். பணியிடத்துக்கு இந்த முறை பொருந்துமா என்ற உங்கள் கேள்விக்கு இவையே போதும்.

ஆனால் சமூகத்தில் செய்வதையே அப்படியே பணியிடத்தில் செய்ய முடியாது. பெரிய வேறுபாடு, கதவைத் திறந்துவிடுவது யார் என்பதில் இருக்கிறது.

ஒரு குடியிருப்பிலோ ஊரிலோ உங்களை உள்ளே விடுபவர் அங்கேயே வாழ்பவர். சமூகவியலாளர் வில்லியம் ஃபூட் வைட் 1930களில் பாஸ்டன் நகரின் இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த பகுதிக்குள் போனபோது, 'டாக்' என்று அவர் பெயர் மாற்றி எழுதிய ஓர் இளைஞர்தான் அவரைத் தெருமுனைக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார். ஒரு முறை வைட் அவசரப்பட்டுக் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட, டாக் அவரைத் தனியே அழைத்து அறிவுரை சொன்னார். யார், என்ன, எப்போது, ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், சும்மா கூட இருந்தால் கேட்காமலேயே விடை வந்து சேரும் என்பது அதன் சாரம். களப்பணி வகுப்பில் நான் முதலில் சொல்வது இதைத்தான். வைட் கூடவே இருந்து, அந்த இளைஞர்களோடு பௌலிங் ஆடி, ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி எடுக்கிறார் என்பதும் கூட்டத்தில் யாருக்கு என்ன மதிப்பு என்பதும் ஒன்றையொன்று ஒட்டியே போவதைக் கண்டார். கீழே இருப்பவர் நன்றாக ஆடத் தொடங்கினால் மற்றவர்கள் கேலி பேசியே அவரைத் தடுமாற வைத்துவிடுவார்கள். கேள்வி கேட்டால் யார் இதைச் சொல்வார்கள்?

பணியிடத்தில் உங்களுக்கு அனுமதி தருவது நிர்வாகம். நீங்கள் உள்ளே காலடி வைக்கும் முன்பே "மேலே இருந்து ஆள் வருகிறார்" என்று செய்தி போயிருக்கும். ஆகவே முதல் சில வாரங்கள் நீங்கள் அவர்களைப் படிப்பதாக நினைப்பீர்கள். அவர்கள் உங்களைப் படித்துக்கொண்டிருப்பார்கள். வேண்டுமென்றே உங்கள் முன்னால் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, அது மேலே போகிறதா என்று பார்ப்பார்கள். அது போகாமல் இருக்க வேண்டும். மேலாளர் மதிய உணவுக்கு அழைத்து "எப்படி இருக்கிறது, யார் எப்படி?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தனிநபர்களைப் பற்றிய எந்தத் தகவலும் நிர்வாகத்துக்குத் தரப்படமாட்டாது, களக்குறிப்புகளை யாரும் கேட்கக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்தில் இந்த ஆய்வைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

ராயையும் புராவோயையும் போல வேலையிலேயே சேர்ந்துவிடுவது ஒரு வழி. மானிடவியலாளர் கேரன் ஹோ 1990களில் ஓர் அமெரிக்க முதலீட்டு வங்கியில் வேலை பார்த்தார். ஆட்குறைப்பில் அவர் வேலையும் போனது. முதலீட்டு வங்கிகள் மற்ற நிறுவனங்களில் ஆட்குறைப்பை ஏன் இவ்வளவு இயல்பாக வலியுறுத்துகின்றன என்ற அவருடைய ஆய்வுக்கு, வங்கியாளர்கள் தாங்களே எந்த நாளும் வேலை போகலாம் என்ற நிலையில் வாழ்வதைக் கண்டது பெரிதும் உதவியது. ஆனால் ஆய்வாளர் என்பதை மறைத்துக்கொண்டு வேலைக்குச் சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உங்களை நண்பராக நினைத்து மனம்விட்டுப் பேசியவர், அச்சில் தம் சொற்களைப் பார்க்கும்போது அவருக்கு என்ன தோன்றும்?

இன்னொரு வேறுபாடு: ஊரில் வாழ்க்கை முழுவதும் கண்முன் இருக்கிறது. பிறப்பு, இறப்பு, சண்டை, சமாதானம் எல்லாம். பணியிடத்தில் மாலையானால் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். எழுதப்பட்ட விதிகளும் படிவங்களும் மின்னஞ்சல்களும் குவிந்திருக்கின்றன. அந்தக் காகிதங்களையும் களமாகவே நடத்துங்கள். யார் நிரப்புகிறார்கள், எந்தக் கட்டத்தை எப்போதும் காலியாக விடுகிறார்கள், யார் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள் என்று கவனியுங்கள். பணிநேரம் மாறும் அந்தக் கால்மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். போகிறவர் வருகிறவரிடம் எதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறாரோ, அதுதான் அந்த வேலையில் முக்கியம் என்று அவர் கருதுவது. புதிதாகச் சேர்ந்தவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் உட்காருங்கள். மற்றவர்களுக்குப் பழகிப்போனதால் வாயில் வராத எல்லாவற்றையும் அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

இனி குறிப்பு எழுதுவது. மற்ற எதிலும் கொஞ்சம் தவறினால் பிழைத்துக்கொள்ளலாம். இதில் தவறினால் ஆய்வே இல்லை. களத்தில் சில சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, அன்று இரவே விரித்து எழுதிவிட வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத இரண்டு மணி நேரம் ஆகலாம். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். மீதிப் பாதியும் ஒழுங்காகிவிடும், அது இன்னும் மோசம். கண்டதைத் தனியாக எழுதுங்கள். அவர்கள் பேசியதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே தனியாக எழுதுங்கள். உங்களுக்குத் தோன்றிய விளக்கத்தை வேறு பக்கத்தில் எழுதுங்கள். "கோபமாக இருந்தார்" என்று எழுதாதீர்கள். கையிலிருந்த கோப்பினை மேசைமீது போட்டார், பெயரைச் சொல்லாமல் பதவியைச் சொல்லி அழைத்தார் என்று எழுதுங்கள். கோபமா, களைப்பா, அந்த இடத்து வழக்கமா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் புரியும். அப்போது உங்கள் கையில் அந்தக் கோப்பு இருக்க வேண்டும்.

உங்கள் எரிச்சலையும் சலிப்பையும்கூட எழுதிவையுங்கள், அதற்கென்று தனி ஏடு வைத்துக்கொண்டு. மாலினோவ்ஸ்கி இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1967இல், அவருடைய களக்கால நாட்குறிப்பு வெளியானது. தாம் படிக்கப் போன மக்கள்மீது அவருக்கு இருந்த வெறுப்பும் ஏளனமும் அதில் அப்பட்டமாக இருந்தன. மானிடவியல் உலகம் அதிர்ந்துபோனது. எனக்கும் படிக்கக் கசப்பாகவே இருந்தது. ஆனால் ஆய்வாளரின் மனநிலை ஆய்வுக்கு வெளியே இல்லை என்பதை அதற்குப் பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை. எந்த நாளில் யார்மீது எரிச்சலாக இருந்தீர்கள் என்று தெரிந்தால், அன்றைய குறிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்றும் தெரியும்.

குறிப்புகளுக்குப் படி எடுத்து வெவ்வேறு இடங்களில் வைத்திருங்கள். இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதை நூலாக எழுத ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆய்வு மையத்துக்குப் போயிருந்தபோது, 1970 ஏப்ரலில் அங்கே தீ வைக்கப்பட்டது. அவர் தொகுத்து வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் அங்கேயே இருந்தன, மூன்றும் எரிந்தன. நினைவிலிருந்தே அவர் எழுதிய நூல் 1976இல் வந்தது. அதன் அழகுக்கு அந்த இழப்பும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. பல ஆண்டுகள் அந்தக் குறிப்புகளோடு வாழ்ந்த ஒருவரின் நினைவு அது என்பதை மறந்துவிட வேண்டாம்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே எண் பதிலாகாது. ஹாதோர்ன் அறையில் இருந்தவர்கள் 14 பேர். அதே ஆலையில் அதற்கு முன்பு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் செய்திருந்தார்கள். அந்த நேர்காணல்கள் சொல்லாததை அந்த 14 பேரின் அறை சொன்னது. நீங்கள் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும் சதவீதம் சொல்லப் போவதில்லை. ஓர் இடத்தில் ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லப் போகிறீர்கள். சதவீதம் வேண்டுமானால் அதற்கு உங்களிடம் இருநூறு தாள்கள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே முரண்படுகின்றன என்று பார்ப்பதுதான் உங்கள் ஆய்வேட்டின் சிறந்த அத்தியாயமாக இருக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை, அந்த இடத்துக்கென்று ஒரு சுற்று இருக்கும். அது ஒரு முறையாவது முழுதாகச் சுற்ற வேண்டும். வேளாண் ஊருக்கு அது ஓர் ஆண்டு. அலுவலகத்துக்கு மாதக் கடைசி, தணிக்கை, பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் வாரம். உங்களுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால், நிறுவனம் முழுவதையும் விட்டுவிட்டு ஒரே ஒரு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் என்று போகாமல் தொடர்ந்து போங்கள். சில நிறுவனங்கள் ஆலோசகர்களை வைத்து இரண்டு மூன்று நாளில் செய்துவிட்டு அதற்கும் இனவரைவியல் என்று பெயர் வைக்கின்றன. அதில் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அந்தத் துண்டுத் தாள் கண்ணில் பட ஆறு வாரம் ஆனது.

பெயர் மறைப்பதைப் பற்றிப் பலரும் எளிதாக நினைக்கிறார்கள். வெளியுலகிலிருந்து மறைப்பது எளிது. உள்ளே இருப்பவர்களிடமிருந்து மறைப்பதுதான் கடினம். "இரவுப் பணியில் இருக்கும் பெண் மேற்பார்வையாளர்" என்று எழுதினால், அப்படி ஒருவர்தான் இருக்கிறார் என்றால், பெயரை மாற்றி என்ன பயன்? ஊர்க்காரருக்கு மனவருத்தம் வரலாம். ஊழியருக்கு வேலையே போகலாம். சில நல்ல காட்சிகளை எழுதாமல் விட வேண்டி வரும். விட்டுவிடுங்கள். நம்பிக்கையை விற்பதைப் பற்றி இந்தத் துறையில் பழைய காயங்கள் உண்டு. முதல் உலகப் போரின்போது நான்கு மானிடவியலாளர்கள் ஆய்வு என்ற பெயரில் உளவு பார்த்ததை போவாஸ் 1919இல் பகிரங்கமாகக் கண்டித்தார். அமெரிக்க மானிடவியல் சங்கம் அன்று கண்டனத் தீர்மானம் போட்டது அவர்மீதுதான். அதைத் திரும்பப் பெற 2005 வரை ஆனது. ஆய்வாளர் எங்கே போனாலும் "நீங்கள் யாருடைய ஆள்?" என்ற கேள்வி எழுவதற்குக் காரணம் இருக்கிறது.

கடைசியாக, எழுதியதைச் சமர்ப்பிக்கும் முன் அவர்களிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர்கள் எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த உள்நோயாளிப் பிரிவைப் பற்றிய அத்தியாயத்தை மூத்த செவிலியர் ஒருவரிடம் கொடுத்தேன். பணி முடிந்து அங்கேயே உட்கார்ந்து படித்தார். பதிவேட்டில் ஏற்றியதும் துண்டுத் தாளை எறிந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் விரலை வைத்து, "எறிவதில்லையே" என்றார். "அன்றைய நாள் போகும்வரை வைத்திருப்போம். பதிவேட்டில் ஏற்றும்போது ஒரு வரி விட்டுப்போயிருந்தால் இதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். ஒருவர் தாளை இன்னொருவர் சரிபார்ப்பதும் உண்டு. நீங்கள் பார்த்ததில்லையா?" பார்த்ததில்லை. அவர்கள் சரிபார்க்கும் நேரத்தில் நான் குறிப்பு எழுத வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்காக மேலும் இரண்டு வாரம் அந்தப் பிரிவுக்குப் போனேன்.